டோக்கனிசத்துக்கு என் பரிந்துரை: இரவல் முகம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத் தேர்தல் பிரச்சாரச் சொற்களுக்கு நாம் தமிழ்ச்சொல் தேடிவரும் பட்டியலில் இரண்டு இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஒன்று பொலிட்டிக்கல் இமேஜ் மேனேஜ்மென்ட், அதாவது அரசியல்வாதி தன்னைப் பற்றி மக்கள் மனதில் ஒரு எண்ணத்தை உருவாக்கிக் காப்பது. இன்னொன்று டோக்கனிசம், அதாவது எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று காட்டுவதற்காக மட்டும் சிறுபான்மையினர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது. முதலாவதற்குக் கும்பகோணத்து ஐயா 'பிம்ப மேலாண்மை' என்று எழுதியிருந்தார்கள். அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. 'படிமம்' கவிதைக்காரர்களிடம் போய்விட்டது, 'தோற்றம்' என்றால் ஆள் பார்க்க எப்படி இருக்கிறார் என்பதோடு நின்றுவிடும், ஆக பிம்பம் சரிதான்.

இரண்டாவதில்தான் எனக்கு வாதம் இருக்கிறது. டோக்கனிசம் என்று அப்படியே எழுதினால் எங்கள் பக்கம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வாங்கக் காத்திருக்கும் டோக்கன்தான் ஞாபகத்துக்கு வரும். 'பெயரளவுப் பங்கேற்பு' அரசாணையில் எழுதலாம், வாயில் வராது. 'ஒப்புக்குச் சப்பாணி' பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் உடல் ஊனத்தைச் சொல்லி இழிவுபடுத்தும் சொல்லை நாம் கலைச்சொல் ஆக்கக்கூடாது. இதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது. இந்தச் சொற்கள் எல்லாமே சேர்த்துக்கொள்ளப்பட்டவரைத்தான் சிறுமைப்படுத்துகின்றன, சேர்த்துக்கொண்டவர் தப்பித்துவிடுகிறார். 2021-ல் பாபநாசத்தில் ஜவாஹிருல்லாவும் நாகப்பட்டினத்தில் ஆளூர் ஷாநவாஸும் மக்களிடம் ஓட்டு வாங்கி சட்டமன்றத்துக்குப் போனார்கள். அவர்களையும் 'ஒப்புக்கு' என்று தள்ள ஒரு சொல்லை நாமே செய்து கொடுக்கலாமா?

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நமக்கு ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, 11-ஆம் தேதி ரம்ஜான் பெருநாள், அதனால் பிரச்சாரத்தில் பெரும்பகுதி நோன்பு மாதத்திலேயே போயிற்று. பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு வேட்பாளர் நோன்பு திறக்க வந்தார். மணி ஆறேகால் இருக்கும், பாங்கு என்கிற தொழுகை அழைப்பைச் சொல்ல இன்னும் பத்து நிமிடம், அதற்குப் பிறகுதான் நோன்பு திறக்கலாம். கஞ்சியை ஊற்றி, பேரீச்சம்பழமும் வடையும் வைத்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். கூட வந்த கேமராக்காரத் தம்பி, வெளிச்சம் போய்விடும், இப்பவே எல்லாரும் கஞ்சியைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி வையுங்கள் என்றார். வேட்பாளருக்குப் பக்கத்தில் என் அத்தா, அதாவது அப்பா. 'பாங்கு சொல்லட்டும் தம்பி' என்று இரண்டு தடவை மெதுவாகச் சொன்னார். தோளில் ஒரு கை வந்து விழுந்தது, தலையில் இருந்த தொப்பியை அந்தத் தம்பியே நேராக்கிவிட்டார். விருந்தாளி முகம் கோணக்கூடாது என்று அத்தா கோப்பையை உதடு வரைக்கும் கொண்டுபோய்க் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர். படம் எடுத்து முடித்ததும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள், பாங்கு அதற்கு அப்புறம்தான் சொன்னார்கள்.

அந்தப் படம் நோட்டீஸில் வந்தது. எங்கள் தெருவுக்கு வந்த நோட்டீஸில் மட்டும். நாலு தெரு தள்ளிக் கோயில் பக்கம் கொடுத்ததில் அதே வேட்பாளர் பரிவட்டத்தோடு நிற்கிறார், அத்தா இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சொல் வந்தது: இரவல் முகம். கல்யாணத்துக்கு ஒரு சங்கிலியை இரவல் வாங்குவோம், எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டுக்கொள்வோம், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம். அதேதான் இது. சங்கிலியைக் கேட்டு வாங்குவோம், இங்கே கேட்கக்கூட இல்லை.

அப்படியென்றால் வேற்று மதத்தார் வாசலுக்கு அரசியல்வாதி வருவதே வேஷமா என்று திருவாரூர் அக்கா கேட்டிருந்தார்கள். இல்லை அக்கா. நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவருக்கும் அதனால் பெயர் கிடைத்தது, ஆனால் மினாரா இன்றைக்கும் அங்கே நிற்கிறது. 2007-ல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்குக் கொடுத்த 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் அது சாதனையைச் சொல்லிக் கேட்பது. வந்தவர் போன பிறகு எங்களிடம் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டார். 1951-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதைத் தடுக்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்றது. வாயைத் திறந்து கேட்டால் சட்டம் பிடிக்கும். கஞ்சிக் கோப்பையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் எதையும் கேட்பதாகத் தெரியாது, அதனாலேயே அதற்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்கிறேன்.

இலக்கணம் பற்றி ஒரு வார்த்தை. முதலில் 'முக இரவல்' என்றுதான் எழுதிப் பார்த்தேன். புணர்ச்சியில் 'முகவிரவல்' ஆகி, விரவுதல், அதாவது கலத்தல் என்ற வேறு பொருள் உள்ளே வந்துவிடுகிறது. 'இரவல் முகம்' என்று மாற்றிப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. செயலுக்கு 'முகம் இரவல் வாங்குதல்' என்று வைத்துக்கொள்ளலாம். 'சிறுபான்மையினரின் முகத்தை இரவல் வாங்கிய பிரச்சாரம்' என்று செய்தியில் எழுதினால் படிப்பவருக்கு அகராதி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஐயா, 'முகம்' ஏற்கெனவே முகவர், முகவுரை என்று பல இடத்தில் வருகிறதே, குழம்பாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். 'இரவல்' பக்கத்திலேயே நிற்பதால் குழம்பாது என்பது என் எண்ணம், உங்கள் கருத்தை எழுதுங்கள். அப்புறம், வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ, தேர்தல் நேரத்தில் ஞாயிறு பூசைக்கோ இப்படிப் படம் எடுக்க வருகிறவர்களை அங்கே ஜனங்கள் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்? அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், என்னுடையதை விட்டுவிடுகிறேன்.