25 பிட்சுக்கு மாறினால் 60 மைலைத் தொடுமா?

நீர்க்காகம்:
என்னுடைய 19 அடி பாஸ் படகில் (பாஸ் மீன் பிடிப்பதற்கான வேகப் படகு) 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின், பொருத்தியிருக்கிறேன். கியர் விகிதம் 1.87 (எஞ்சின் 1.87 முறை சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றும்), புரொப்பெல்லர் அலுமினியம், 23 அங்குல பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்). முழுத் திராட்டிலில், அதாவது எஞ்சினை முழுவதுமாக முடுக்கினால், நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் வருகின்றன, ஜி.பி.எஸ். மணிக்கு 53 மைல் காட்டுகிறது. இந்த எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 5800 சுற்றுகள். 25 பிட்ச் வாங்கினால் 60 மைலைத் தொடலாம் என்று நினைக்கிறேன்.

கியர்பெட்டி:
தொடாது. சுற்று எண்ணிக்கையைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056ஆலும் (நிமிடத்துக்கு அங்குலத்தை மணிக்கு மைலாக மாற்றும் எண்) வகுத்தால், புரொப்பெல்லர் நீரில் வழுக்கலே இல்லாத வேகம் கிடைக்கும். உங்களுக்கு அது ஏறத்தாழ 63 மைல். நீங்கள் பெறுவதோ 53, அதாவது வழுக்கல் 16 விழுக்காடு. நன்றாக அமைக்கப்பட்ட பாஸ் படகில் இது 10 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் 150 முதல் 200 சுற்றுகள் குறையும் என்பதால், 25 பிட்சில் நீங்கள் 5050 அளவில் நிற்பீர்கள்; அப்போதும் கணக்கில் வருவது 64 மைல்தான். வேகம் அப்படியே இருக்க, ஏற்கெனவே உச்சத்தை எட்டாத எஞ்சின் மேலும் திணறும்.

வெள்ளிச்சிறகு:
கணக்கு சரி, ஆனால் புரொப்பெல்லரைப் பிட்ச் என்ற ஒரே எண்ணாகச் சுருக்குவதை ஏற்க மாட்டேன். அலுமினிய இலைகள் அழுத்தத்தில் வளைந்து பிடியை இழக்கின்றன. துருப்பிடிக்காத எஃகில், இலைகள் பின்னோக்கி அதிகம் சாய்ந்த புரொப்பெல்லர் படகின் முகப்பைத் தூக்கிவிடும். நனையும் பரப்பு குறைந்தால் அதே எஞ்சின் கூடுதல் சுற்றுகளை எட்டும். நண்பர் 23 பிட்சிலேயே எஃகுக்கு மாறட்டும்.

கியர்பெட்டி:
அதை மறுக்கவில்லை, வரிசையைத்தான் மறுக்கிறேன். எஞ்சினின் உயரத்தைச் சரிபார்க்காமல் புதிய புரொப்பெல்லருக்குப் பணம் கொடுப்பது வீண். ஜாக் பிளேட் (எஞ்சினை ஏற்றி இறக்கும் தாங்கி) இருந்தால் கால் அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். நீருக்குள் இழுபடும் கீழ்ப்பகுதி குறைவதே பெரிய ஆதாயம். தண்ணீர் அழுத்த மானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அழுத்தம் விழுந்தால் எஞ்சின் சூடேறிக் கெடும், வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது.

கரையோரம்:
இருவருமே எடையை மறந்துவிட்டீர்கள். இவ்வகைப் படகின் வேகம், குதிரைத்திறனை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டியே நகர்கிறது. எடையில் 10 விழுக்காட்டைக் குறைத்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு வேகம் கூடும். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியில் 80 லிட்டர் நீர் என்றால் 80 கிலோ. பாதிப் பேர் அதை நிரப்பிக்கொண்டே சோதனை ஓட்டம் செய்கிறார்கள்.

வெள்ளிச்சிறகு:
மீன்பிடிப் போட்டி நாளில் அந்தத் தொட்டி நிறைந்துதானே இருக்கும்? காலிப் படகில் கிடைக்கும் எண் பெருமை பேசத்தான் உதவும்.

கரையோரம்:
ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நிலையிலும் அளந்து இரண்டையும் எழுதி வைக்கட்டும்.

நீர்க்காகம்:
தொட்டியைக் காலி செய்து, எஞ்சினை இரண்டு படிகளாக அரை அங்குலம் உயர்த்தினேன். இப்போது 5600 சுற்றுகள், 57 மைல். வழுக்கல் 13 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது, தண்ணீர் அழுத்தம் மாறவில்லை. ஆனால் 55ஐத் தாண்டியதும் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது.

கியர்பெட்டி:
படகு அடிப்பகுதியின் நடுத் தட்டில் மட்டும் நின்று ஓடும்போது அந்த ஆட்டம் வரும். ஸ்டியரிங்கில் தளர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறிது தளர்வே ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஆட்டம் தொடங்கியதும் டிரிம்மை (எஞ்சினின் சாய்வை) சற்று இறக்குங்கள், திராட்டிலைச் சட்டென்று விடாதீர்கள். அவசர நிறுத்தக் கயிற்றை உடலில் மாட்டாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

வெள்ளிச்சிறகு:
நான்கு இலை எஃகு புரொப்பெல்லர் பின்பகுதியை இறுகப் பிடித்து இந்த ஆட்டத்தைப் பெருமளவு அடக்கும். ஸ்டியரிங்கைச் சரிசெய்த பிறகு ஒன்றை இரவல் வாங்கியாவது ஓட்டிப் பாருங்கள். உச்ச வேகத்தில் ஓரிரு மைல் குறையலாம், அதைப் பற்றி அப்போது சண்டையிடுவோம்.