வேதபாடத்தின் வழியாக ஆங்கிலம்: வடதாய்லாந்துக்குப் புறப்படும் முன் ஒரு கேள்வி

கேள்வி: கோபி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டுச் சென்ற மே மாதம் ஓய்வு பெற்றேன். எங்கள் சபை என்னை இரண்டு ஆண்டுகளுக்கு வடதாய்லாந்தில், சியாங் ராய் பக்கமுள்ள ஒரு சிற்றூருக்கு மிஷனெரியாக அனுப்புகிறது. மாலை வேளைகளில் இளைஞர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு வேதாகமத்தையே பாடநூலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. என்னிடம் இருப்பது என் தகப்பனார் வைத்திருந்த, பழங்கால ஆங்கிலத்தில் அமைந்த கிங் ஜேம்ஸ் வேதாகமப் பதிப்பு. ஆங்கிலமே அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் அதை எப்படிக் கொண்டுபோவது என்று விளங்கவில்லை. அதைவிடப் பெரியது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் மகன் கேட்ட கேள்வி. "அவர்கள் ஆங்கிலத்துக்காக வருகிறார்கள், நீங்கள் வேதத்துக்காகப் போகிறீர்கள்; தூண்டில் முள்ளில் புழுவைக் கோர்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் அம்மா?" என்றான். ஊழியத்தில் எனக்கு உறுதி உண்டு. ஆனாலும் அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: சூலூர்க்காரி

ஸ்தோத்திரம் அக்கா. நான் சியாங் மாய் பகுதியில் நான்கு ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவள். எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்.

கிங் ஜேம்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு சந்தையில் ஒருவரும் பேச முடியாது. 1949-இல் முழுமையாக வெளிவந்த பேசிக் இங்கிலீஷ் வேதாகமம் ஏறத்தாழ ஆயிரம் சொற்களுக்குள் எழுதப்பட்டது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். சொற்கள் எளியவைதான், ஆனால் வினைச்சொற்களை இருபதுக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டதால் ஒரே வினையை வைத்துச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாக்கியம் இயல்பாக ஒலிப்பதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட குட் நியூஸ் பதிப்பு (1976) எனக்குக் கைகொடுத்தது.

நிருபங்களை, அதாவது வேதாகமத்தில் வரும் கடிதங்களை, தொடாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தையும் லூக்காவின் உவமைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் பக்தி அல்ல, இலக்கணம். தாய்லாந்து மொழியில் காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் உருமாறாது; 'நேற்று' என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டால் அது இறந்தகாலம் ஆகிவிடும். 'போகிறான், போனான்' என்று பிறந்ததிலிருந்தே காலம் காட்டிப் பேசிவந்த நமக்கு, அவர்கள் ஏன் 'யெஸ்டர்டே ஐ கோ' என்றே சொல்கிறார்கள் என்பது முதலில் புரிவதில்லை. கவனக்குறைவு என்று எண்ணிக் கோபப்படுவோம். நான் கோபப்பட்டேன். தகப்பன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வரும் மகனைப் பற்றிய, லூக்காவின் கெட்ட குமாரன் கதையில் போனான், செலவழித்தான், எழுந்தான், வந்தான், கண்டான், ஓடினான் என்று வினை வரிசையாக வருகிறது. அந்த ஓர் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு ஆறு வாரம் இறந்தகாலம் நடத்தினேன். சொல்லின் கடைசி மெய்யை அவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 'ரைஸ்' என்பது 'ரை' என்றுதான் வரும்.

அந்தக் கதையில் ஓர் இடத்தில் நான் வழுக்கி விழுந்தேன். மகன் பன்றி மேய்க்கப் போனான் என்றதும் வகுப்பு சும்மா இருந்தது. வேலை கிடைத்துவிட்டதே என்று ஒரு பையன் மகிழ்ந்தான். மலையூர்களில் வீட்டுக்கு வீடு பன்றி உண்டு. யூதனுக்கு அது எவ்வளவு பெரிய தாழ்வு என்று விளக்கிய பிறகுதான் கதை நகர்ந்தது. 'சின்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அதற்குத் தாய்லாந்து மொழியில் 'பாப்'; நம் 'பாவம்' வந்த அதே வேரிலிருந்து வந்தது. 'புன்' என்றால் புண்ணியம். நமக்குத் தெரிந்த சொற்களாயிற்றே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்கள் காதில் விழுவது நல்வினை தீவினைக் கணக்கு, அதை இன்னொருவர் மன்னித்துத் தள்ளுபடி செய்வது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

விதைக்கிறவன் உவமையை மட்டும் பயமின்றி எடுங்கள். விதை விழும் வழியோரம், பாறை நிலம், முள் ஆகிய மூன்றையும், நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டையும் கிளுவை முள்வேலியையும் பார்த்து வளர்ந்த நீங்கள் சொல்வதுபோல் வெள்ளைக்கார ஆசிரியர் சொல்ல முடியாது.

விசாவைப் பற்றி ஒன்று: சமயப் பணிக்கும் மற்ற வேலைக்கும் அங்கே விசா வகை வேறு, சம்பளம் வாங்காமல் கற்பித்தாலும் பணி அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பு எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பதில் 2: காங்கயம் தோட்டத்துக்காரர்

வணக்கம் அம்மா. நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் மிஷன் பள்ளி ஒன்றில் படித்து, அங்கே கற்ற ஆங்கிலத்தால்தான் தேங்காய் எண்ணெய் வியாபாரத்தை வெளிமாநிலம் வரை கொண்டுபோனேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

தங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பள்ளியில் வேதபாட வகுப்பு "விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்" என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் கணக்கு வகுப்பு முடிந்ததும் அதே அறையில், அதே வாத்தியார் வேதப் புத்தகத்தைத் திறப்பார். எழுந்து போகலாம் என்று சட்டம் இருந்தது. எழுந்து போக எங்களுக்குக் கால் வரவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் வாத்தியாரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லுமா? அவர் எங்களை ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை, நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததால்தான் மறுக்கவே முடியவில்லை. தாய்லாந்துப் பிள்ளைகள் எப்படி என்று எனக்குத் தெரியாது.

பதில் 3: சூலூர்க்காரி

ஐயா சொன்னதை நான் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். அங்கே இது இன்னும் கடுமை. 'கிரேங் ஜாய்' என்று ஒன்று சொல்வார்கள்: பெரியவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தன் விருப்பத்தை விழுங்கிக்கொள்வது. ஆசிரியரை 'ஆஜான்' என்பார்கள், நம் ஆசாரியர்தான். பள்ளி ஆசிரியர் 'க்ரூ', அதாவது குரு. அந்தப் பெயரோடு நிற்பவர் "விரும்பினால் இருங்கள்" என்று சொன்னால், இருப்பது ஒன்றுதான் அவர்களுக்கு வழி. என் முதல் வருடத்தில் வேதபாடத்துக்கு இருபது பேர் தங்கியதை ஆண்டவர் கதவைத் திறந்துவிட்டார் என்று சபைக்கு எழுதினேன். இரண்டாம் வருடம் அதை வேறு நாளுக்கு மாற்றினேன். நான்கு பேர் வந்தார்கள். அந்த நால்வர் மட்டுமே கேள்வி கேட்டவர்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற போதகர், ஈரோடு

சகோதரிக்கு வாழ்த்துகள். தாங்கள் போகும் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. பின்னாளில் சயாமின் அரசரான மோங்குட், துறவியாக மடத்தில் இருந்தபோது 1845-இல் ஜெஸ்ஸி காஸ்வெல் என்ற அமெரிக்க மிஷனெரியிடம் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். அதற்குக் கைமாறாக மடத்து வளாகத்திலேயே ஓர் இடத்தில் பிரசங்கம் செய்துகொள்ள காஸ்வெல்லுக்கு அனுமதி கிடைத்தது. இன்னது தருகிறேன், இன்னது பெறுகிறேன் என்று இருவருக்கும் தெரிந்த ஒப்பந்தம் அது. மோங்குட் பௌத்தராகவே இருந்தார். அதனால் அவர்களிடையே பகை வரவில்லை.

1851-இல் அவர் அரசரான பின் அரண்மனைப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க மிஷனெரிகளின் மனைவியர் போனார்கள். மொழி கேட்ட இடத்தில் அவர்கள் மதத்தையும் கலந்தார்கள். அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1862-இல், இந்தியாவில் பிறந்தவரான அன்னா லியோனோவென்ஸை வேலைக்கு அழைத்தபோது, ஆங்கிலமும் அறிவியலும் இலக்கியமும் கற்பித்தால் போதும், கிறிஸ்தவத்துக்கு மாற்றுவதற்காக அல்ல என்று அரசர் கடிதத்திலேயே எழுதிவிட்டார்.

மொழியைக் கேட்டவருக்கு வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்ததுதான் அவர்கள் செய்த பிழை என்பது என் கருத்து. வேதத்தைப் படிப்பதில் வெட்கம் எதற்கு? வெளியே பலகையில் "வேதாகமத்தைக் கொண்டு ஆங்கிலம்" என்று தாய்லாந்து மொழியில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் சபையாரில் சிலர் ஆட்கள் குறைவார்கள் என்று அஞ்சுவார்கள். குறையட்டும். அடுத்த தெருவில், வேதம் இல்லாத ஆங்கில வகுப்பு ஒன்றையும் அதே சிரத்தையோடு நடத்துங்கள். இரண்டிலும் ஒரே ஆசிரியை, ஒரே அன்பு இருந்தால்தான் அவர்களுக்குத் தேர்ந்தெடுக்க வாய்க்கும்.

மறுமொழி: கோபி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. காங்கயம் ஐயா எழுதியதை மகனுக்கு அனுப்பினேன். "நான் சொன்னதைத்தான் அவர் மரியாதையாகச் சொல்கிறார்" என்று பதில் வந்தது. செவ்வாய், வியாழன் மாலைகளில் சமுதாயக் கூடத்தில் வெறும் ஆங்கிலம். சனிக்கிழமை ஆலயத்தில், பலகை வைத்து, வேதாகமத்தைக் கொண்டு ஆங்கிலம் என்று சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வகுப்பில் சனிக்கிழமையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை என்பதையும் சேர்த்திருக்கிறேன். செயற்குழுவில் இருவர் முகம் சுளித்தார்கள். சூலூர்த் தங்கைக்கு ஒரு கேள்வி: ஜூன் மாதமே போய்ச் சேர்ந்துவிடலாமா?

பதில் 5: சூலூர்க்காரி

ஜூன் வேண்டாம் அக்கா. அப்போது தொடங்கி ஆகஸ்ட் வரை நெல் நடவு. இளைஞர்கள் வயலிலிருந்து திரும்பவே இருட்டிவிடும், வகுப்பில் தூங்கி விழுவார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீப் புகை, வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. செப்டம்பர் கடைசியில் போய், முதல் மாதம் முழுவதும் நீங்கள் அவர்களிடம் தாய்லாந்து மொழி படியுங்கள்.