பத்துப் பேரைச் சேர்த்து வைத்துப் பாட்டு சொல்லித் தர முடியாது

இந்தியாவில் இருந்தபடி கர்நாடக வாய்ப்பாட்டு ஆன்லைனில் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் அமெரிக்காவில், நியூஜெர்சிப் பக்கம். “பத்துப் பேரை ஒரே வகுப்பில் உட்கார்த்தினால் பத்து மடங்கு வருமானம்தானே?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாட்டில் அது நடக்காது. குரல் கடல் தாண்டி வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். பேச்சில் அது உறுத்தாது. நான் தாளம் போட்டு அங்கே குழந்தை பாடினால், சரியாகவே பாடினாலும் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால்தான் என் காதில் விழும். அதனால் தாளத்தை அவளே போட வேண்டும், பாட்டுக்கு ஆதாரமாக விடாமல் ஒலிக்கும் சுருதியும் அவள் பக்கமே இருக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து பாடினால் சந்தைக்கடைதான். ஒருவர் பாட, ஒன்பது பேர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த ஒன்பது வீட்டிலும் சும்மா விடுவார்களா? தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை வரிசை வரை மூன்று பேரை வைத்து ஓட்டலாம். அவற்றைத் தாண்டி, வர்ணம் என்கிற பெரிய உருப்படி வந்துவிட்டால் தனி வகுப்புதான்.

ஒரு முறை, “சுருதி போட்டுத்தான் பாடுகிறாள் மேடம்” என்று ஓர் அம்மா சாதித்தார். எனக்கோ ஒன்றும் கேட்கவில்லை. கேமராவைத் திருப்பச் சொன்னேன். மேசைமேல் சுருதிப் பெட்டி, ஐந்து கட்டையில், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஜூம் அதை மின்விசிறி இரைச்சலாக எண்ணி வடிகட்டியிருக்கிறது! ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் பாதியில் விழுங்கிவிடும். ஒலியை வடிகட்டாமல் அனுப்பும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியை அவர்கள் பக்கம் போட்டதும் சரியாயிற்று.

அங்கே மாலை ஏழு மணி என்றால் கோடையில் இங்கே அதிகாலை நாலரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்ததும் ஐந்தரை. மார்ச்சில் மறுபடி நாலரை. மாறும் வாரங்களில் யாராவது வகுப்பைத் தவறவிட்டுக் கட்டணத்தைக் கழிக்கச் சொல்வார்கள். மாதக் கட்டணம் முன்கூட்டியே, தவறியதற்கு ஈட்டு வகுப்பு மாதம் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்த பிறகே வரவு நிலைத்தது.

விளம்பரம் பார்த்து வந்தவர்கள் இலவச வகுப்போடு நின்றார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தது அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் நடக்கும் தியாகராஜ ஆராதனை. 1978 முதல் நடக்கிற விழா, பிள்ளைகளுக்குப் போட்டிகளும் உண்டு. என் மாணவி ஒருத்தி அங்கே பாடினாள். பரிசு இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த தாய்மார்கள், “யாரிடம் கற்றுக்கொள்கிறாள்?” என்று விசாரித்திருக்கிறார்கள். வந்த அழைப்புகளுக்கு நேரம் போதாமல், ஆரம்பப் பிள்ளைகளை என் மூத்த மாணவியிடம் ஒப்படைத்தேன், கட்டணத்தில் பாதிக்கு மேல் அவளுக்கு. “நீங்களே எடுங்கள்” என்று வற்புறுத்தும் பெற்றோரிடம், என்னிடம் காலியாக இருப்பது இந்திய நேரம் அதிகாலை மூன்றரை மட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.