புதுப்பிப்பு: விக் வான்ஸ் விஷயத்தில் மனசு மாறிட்டேன்

விக் வான்ஸ் நாயகனாக, 2006இல் பிஎஸ்பி என்கிற கையடக்க கேம் கருவிக்கு வந்த வைஸ் சிட்டி ஸ்டோரீஸ், ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேம்களின் கதைவரிசையில் சேராது என்று போன மாதம் எழுதியிருந்தேன். "முடிச்சிட்டுப் பேசுங்கண்ணே" என்றார்கள் தங்கச்சிமடத்துத் தம்பிகள்.

தடைக்காலம், போட்டெல்லாம் பாம்பனில் கட்டிக் கிடக்கு. ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து முடித்தேன். நான் சொன்னது தப்பு.

2002இல் வந்த வைஸ் சிட்டி கேமின் முதல் காட்சியில் தம்பி லான்ஸோடு ஹெலிகாப்டரில் வந்திறங்கி, துறைமுகத்தில் சுடப்பட்டு விழுகிறவன்தான் இந்த விக். இத்தனை வருஷம் அவன் முகத்தைக்கூடக் கவனித்ததில்லை. இன்னொரு நோயாளித் தம்பிக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவன். 1984இல் நடக்கும் இந்தக் கதையின் முடிவில், தான் இறங்கிய போதைப்பொருள் தொழிலே வேண்டாம் என்கிறான். 1986இல் நடக்கும் பழைய வைஸ் சிட்டியில் அதே தொழில் அவனைக் கொண்டுபோகிறது. இது தெரிந்தபின் பழைய முதல் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை.

2008இன் ஜிடிஏ 4 இந்தக் கதைகளோடு சேராத தனி உலகம் என்பதில் மட்டும் மாற்றமில்லை. வாதாட வாங்க தம்பிகளா, போட்டு இறங்க இன்னும் நாள் கிடக்கு.