76 செகண்ட்

எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசி மாட்டிக்கிட்டவங்க கதை கேட்டா, எல்லாரும் ஆபீஸ் கம்ப்யூட்டர் கதையாவே சொல்றீங்க. எனக்குக் கடலூர் முதுநகர் துறைமுகத்துல டைனமோ, பேட்டரி வேலை. அதனால இது போட் கதை.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், பெயின்ட்லேர்ந்து ஜிபிஎஸ் வரைக்கும் அப்பதான் வேலை. பக்கத்துக் கடைக்குப் புதுசா வந்த பையன் ஒரு போட்டுல பழைய ஜிபிஎஸ் செட்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினான். டிரைவர் வயசானவர். நோட்டு ஒண்ணைக் கொடுத்து, "இதுல இருக்குற பாரெல்லாம் ஏத்திரு தம்பி"ன்னார். பார்னா கடலடிப் பாறை. அது இருக்குற இடம் தெரிஞ்சாதானே மடியை, அதான் இழுவலையை, மாட்டாம இழுக்க முடியும்!

பையன் ஏத்திக்கிட்டே கிளாஸ் எடுத்தான். நாலு சாட்டிலைட்டாவது தெரியணும், ஒவ்வொண்ணுலயும் அணுக்கடிகாரம் ஓடுது, அஞ்சு பத்து மீட்டருக்கு மேல பிசகாது... சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, அதையும் சொல்லிடணும். பெரியவர் ஊம் கொட்டிக்கிட்டே பீடி பிடிச்சார்.

தடை முடிஞ்சு முதல் டிரிப்புலயே மடி கிழிஞ்சு வந்துச்சு. பையன் அசரல. "செட்டு பொய் சொல்லாது ஐயா. உங்க நோட்டுதான் தப்பு."

அவர் சத்தம் போடல. நோட்டைப் புரட்டி ஒரு வரியில விரலை வச்சார்: 11-45.76. "இதை மட்டும் ஏன் தம்பி ஏத்தாம விட்டீங்க?"

"76 செகண்டுன்னு ஒண்ணு கிடையாதே, நீங்க தப்பா..."ன்னு ஆரம்பிச்சவன் வாயை மூடிட்டான்.

இங்க மினிட், செகண்ட்ங்குறது நேரமில்ல, இடத்தைச் சொல்ற அளவு: டிகிரியை அறுபதாப் பிரிச்சா மினிட், மினிட்டை அறுபதாப் பிரிச்சா செகண்ட். 11-45.76ன்னா 11 டிகிரி 45.76 மினிட்; நோட்டுல புள்ளிக்கு அப்புறம் இருந்தது மினிட்டோட தசமம். புது செட்டு செகண்டுல இருந்துச்சு. 45.30ன்னா 45 மினிட் 18 செகண்ட். இவன் 30 செகண்டுன்னு அடிச்சிருக்கான். வடக்கு தெற்கா ஒரு மினிட்டுக்கு 1852 மீட்டர், அப்ப 12 செகண்டுக்கு 370 மீட்டர் தள்ளிப் போகுது.

"பார் எங்க தம்பி போவும்?"னு மட்டும் கேட்டார் பெரியவர்.

மடிக்கு யார் காசு கொடுத்தாங்கங்குறது தனி ரகளை, விடுங்க. பையனுக்குத் துறைமுகத்துல ‘சாட்டிலைட்டு’ன்னே பேராயிடுச்சு. இப்ப பழைய செட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி போட் நிக்கிற இடத்தை ரெண்டு செட்டுலயும் வச்சுப் பார்க்கிறான், நோட்டுல எழுதின விதத்தை டிரைவர்கிட்டயே கேட்டுக்குறான். போன தடைக்காலத்துல என்கிட்டயும் வந்து, "அண்ணே, எர்த் எப்படிக் கொடுப்பீங்க?"ன்னான். இத்தனை வருஷத்துல என்னை யாரும் கேட்டதில்ல, சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே ரெண்டு சந்தேகம் வந்துடுச்சு.