எழுத ஆள் இருக்கிறது, நடத்தத்தான் ஆள் இல்லை: மதுரையில் ஒரு சின்னக் குழுவை எப்படிக் கொண்டு போவது?

நரிமேட்டுக்காரி கேட்டது:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் ஒரு குழுவை மதுரையில் ஆறு வருடமாக நடத்தி வருகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம், அவ்வளவுதான் வேலை. ஒழுங்காகப் பெயர்கூட வைக்கவில்லை. ஆரம்பத்தில் நான், என் தங்கை, கூட வேலை பார்த்த இரண்டு பேர். இப்போது வாட்ஸ்அப் குழுவில் 140 பேர். கூப்பிட்டால் வருபவர்கள் பதினைந்து. மீதிப் பேர் காலை வணக்கம் போடுகிறார்கள்.

பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மாணவர்கள் என் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். தேதி, கல்லூரி, என்ன தாள், யார் எழுதப் போகிறார்கள் எல்லாவற்றையும் இருநூறு பக்க நீள நோட்டில் குறித்துக்கொள்வேன். இதுவரை ஐந்து நோட்டு முடிந்திருக்கிறது. அந்த நோட்டும் என் போனும்தான் சங்கம். ஏப்ரலிலும் நவம்பரிலும் செமஸ்டர் வரும்போது வீட்டில் சோறு பொங்குகிறதா இல்லையா என்பதே தெரியாது. ஏப்ரல் என்றால் சித்திரைத் திருவிழா வேறு. அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை, சரி. அதற்கு அடுத்த நாள் தேர்வு வைத்தால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

போன நவம்பரில் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று புரியும். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். பத்து மணிக்குத் தேர்வு. எழுத வேண்டிய பையன் ஒன்பது பத்துக்குக் கூப்பிட்டு, அம்மாவுக்குக் காய்ச்சல், வர முடியாது என்றான். பதினோரு பேருக்குப் போன் போட்டேன். நானே ஆட்டோ பிடித்து ஓடியிருப்பேன். ஆனால் மாணவர் தானே ஆள் கூட்டி வந்தால், அவருடைய படிப்பைவிட எழுதுபவரின் படிப்பு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. அதைத்தான் அங்கே பிடித்துக்கொண்டார்கள். நான் எம்.காம். போனாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் மூடிய வினாத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். அந்தத் தாளை அடுத்த செமஸ்டரில்தான் எழுதினாள். சாயங்காலம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பதிவு செய், அடுத்த மாதமே ஒரு கம்பெனி, சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் மூன்று லட்சம் தரும் என்கிறார் ஒருவர். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தெரிந்தவர் ஒரு லட்சம் அனுப்புகிறேன், உன் அக்கவுண்ட் நம்பரைக் கொடு என்கிறார். பணம் வந்தால் எதற்குச் செலவழிப்பது என்பதே எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு ஆகும் செலவு பேனாவும் ஆட்டோவும். வீட்டுக்காரர் இதற்குச் 'சம்பளமில்லாத ரெண்டாவது வேலை' என்று பெயர் வைத்திருக்கிறார். பெரிதாக்குவதா, இப்படியே இழுத்துக்கொண்டு போவதா, மூடிவிடுவதா? இந்த மாதிரி எதையாவது நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

தங்கச்சி, நான் திருமங்கலம் பக்கம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்க் கண்மாய்க் கரையில் மரம் வைக்கும் குழுவை ஒன்பது வருடம் நடத்தினேன். 'நடத்தினேன்' என்று எழுதுவதிலேயே என் தப்பு தெரிகிறது பார்.

எனக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனது. நாலு மாதம் வீட்டை விட்டு நகரவில்லை. அப்புறம் கரைக்குப் போய்ப் பார்த்தால் அந்த வருடம் வைத்த புங்கனும் நீர்மருதுமாக நானூறு கன்றில் அறுபதுகூடத் தேறவில்லை. எனக்கு வந்த கோபம் இருக்கே! டீக்கடையில் வைத்து நாலு பேரை வாய்க்கு வந்தபடி கேட்டேன். அதில் ஒரு பையன் சொன்னான்: "தண்ணி வண்டிக்காரர் நம்பர் உங்ககிட்டதான் இருக்கு. கரை கேட் சாவி உங்க வீட்டு ஆணில தொங்குது. காசு உங்க பையில. நாங்க என்ன செய்ய?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்கப்புறம் கரையை நாலு துண்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆள். அவர் துண்டில் அவர் சொல்வதுதான். தப்பான இடத்தில் குழி வெட்டினாலும் நான் போய்ப் பிடுங்கக் கூடாது என்று என் மனைவி முன்னால் சத்தியம் வாங்கினார்கள். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மேற்குத் துண்டுக்காரன் வேலியே போடாமல் ஆட்டுக்குத் தீனி வைத்தான். இரண்டாம் வருடம் அவனே முள்வேலி போட்டான். நான் சொல்லியிருந்தால் முதல் வருடமே போட்டிருப்பான், எனக்காக. மூன்றாம் வருடம் விட்டிருப்பான்.

பணத்தைப் பற்றி ஒன்று. நம்ம பக்கம் மொய் நோட்டில் ஐம்பது ரூபாயைக்கூட ஊர் பேர், தகப்பன் பேர் போட்டு எழுதுகிறோம். பொதுக் காரியத்துக்கு வந்த காசை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு காசு எடுத்ததில்லை, ஆனால் எடுக்கவில்லை என்று காட்டவும் என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது மாதக் கடைசி ஞாயிறு ஆலமரத்தடியில் கணக்கை உரக்க வாசிக்கிறோம். முந்நூறு ரூபாய் டீ செலவுக்கு அரை மணி நேரம் சண்டை நடக்கும். நடக்கட்டும், சண்டை போடுகிறவன் மறுநாள் தண்ணி ஊற்றவும் வருகிறான்.

உன் அஞ்சு நோட்டில் எது யாரிடம் போகும் என்று முதலில் முடிவு பண்ணு. பதிவை அப்புறம் பார்க்கலாம்.

வரவுசெலவு எழுதியது:

மேடம், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சட்டப்படி உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 படி சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். ஒவ்வொரு வருடமும் பொதுக்குழு கூட்டி, கணக்கு வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். டிரஸ்ட் என்றால் ஆள் குறைவு, வேலையும் குறைவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும். அதனால்தான் எல்லோரும் டிரஸ்ட் பக்கம் ஓடுகிறார்கள். உங்கள் பிரச்சினையே எல்லாம் ஒரு ஆள் தலையில் இருப்பது. டிரஸ்ட் எழுதினால் அதே தலையில் முத்திரைத்தாளும் ஏறும். என்னைக் கேட்டால் சங்கம்தான்.

அடுத்த மாதம் மூன்று லட்சம் என்றவர் விவரம் தெரியாமல் சொல்கிறார். வெளி அமைப்புகள் சி.எஸ்.ஆர். பணம் வாங்க வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். இதுவரை செய்த வேலைக்குச் சாட்சி உங்கள் நோட்டுகள்தான், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூர்க்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் வந்துவிடும், அதற்கான பதிவு இல்லாமல் தொடாதீர்கள். எந்த நாட்டுக்காரர் என்றாலும் உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். பின்னால் உள்ளூரில் 80ஜி ரசீது கொடுக்கும் நிலை வந்தால், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. பாவம், அதைத் தெரியாமல் வாங்கிவிட்டு மார்ச் கடைசியில் எங்களிடம் வந்து சண்டை போடுகிறார்கள்.

அனுப்பானடி எழுதியது:

அக்கா, நான் உங்கள் குழுவில்தான் இருக்கிறேன். இரண்டு வருடமாக. உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் பிளஸ் டூ. முடித்த வருடமே கல்யாணம். உங்கள் மெசேஜ் எப்போதும் ராத்திரி பதினொரு மணிக்கு வரும். 'நாளை காலை 10 மணி, யாராவது வர முடியுமா, அவசரம்.' யாராவது என்றால் அது நான் இல்லை என்றுதான் தோன்றும். ஒரு தடவை 'நான் பிளஸ் டூ தான் படித்திருக்கிறேன், வரலாமா' என்று போட்டேன். அதற்குக் கீழே மூன்று பேர் ரோஜாப்பூ படம் போட்டார்கள், என் மெசேஜ் மேலே போய்விட்டது.

படிப்பு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுத பிளஸ் டூ முடித்தவர்கள் வேண்டும். கல்லூரியில் இப்போது படிக்கிற பையன்களையே கூப்பிடுகிறீர்கள், அவர்களுக்கும் அதே மாதத்தில்தானே செமஸ்டர்? எங்கள் தெருவில் மட்டும் என்னை மாதிரி ஏழு பேர் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் நாலரை வரை வீட்டில்தான். மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் கொடுத்தாலும் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆட்டோ காசும் வேண்டாம்.

ஆனால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். என் மாமியாரிடம் நீங்கள் ஒரு தடவை பேச வேண்டும், நான் சொன்னால் 'எந்தப் பரீட்சைக்கு, யாருக்கு' என்று ஆயிரம் கேள்வி வரும். அப்புறம், பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது அக்கா. பால் கணக்குத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. முதலில் எழுதிப் பழக வேண்டும். அடுத்தவர் மார்க்கில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

காதால்படிப்பவன் எழுதியது:

நான் உங்களிடம் எழுதிப் படித்து வந்தவன்தான் அக்கா. எட்டுத் தாள் உங்கள் ஆட்கள் எழுதினார்கள். இப்போது அரசு அலுவலகத்தில் வேலை.

அந்தப் பெண் ஏன் திட்டவில்லை என்று யோசித்தீர்களா? அடுத்த தேர்வுக்கும் உங்களைத்தான் கூப்பிட வேண்டும், அதனால்தான். நானும் ஒரு தடவை அப்படி 'பரவாயில்லை' சொல்லியிருக்கிறேன். வந்தவர் நல்லவர், ஆனால் நான் சொன்ன பதிலைச் சுருக்கிச் சுருக்கி எழுதிவிட்டார். பத்து மார்க் கேள்விக்கு அரைப் பக்கம். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கவே கூச்சம். சும்மா வந்து உதவுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

பதியப் போகிறீர்கள் என்றால் அந்த ஏழு பேரில் எங்களில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். மேடையில் சால்வை போட அல்ல. யார் நன்றாக எழுதுகிறார், யாரைப் பழக்க வேண்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே மாணவர் சந்திக்கலாம் என்று நீங்கள் சொன்ன அதே 2018 வழிகாட்டுதலில் இருந்தது. நம் குழுவில் எத்தனை தடவை அப்படிச் சந்திக்க வைத்திருக்கிறோம்? எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட இல்லை.

அட்டவணை போடும் வேலையை என்னிடம் கொடுங்கள். கண் தெரியாதவன் எப்படிப் போடுவான் என்று யாராவது கேட்டால், எக்செல்லில் வேலை பார்த்துத்தான் மாதச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பெயர் இருக்கும், ஒருவர் எழுத, ஒருவர் கைவசம். சி.எஸ்.ஆர். பேனருக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது மட்டும் வேண்டாம். எடுத்த படத்தை நாங்கள் பார்க்கப் போவதில்லை.

நரிமேட்டுக்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும்.

கடைசிப் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அதை விடுங்கள். சிங்கப்பூர்க்காரர் பாஸ்போர்ட் மாற்றிப் பல வருடம் ஆகிறதாம், கும்பிடு போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சங்கமாகத்தான் பதியப் போகிறோம், அவசரமில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் எங்களிடம் எழுதிப் படித்தவர்கள். பொருளாளர் நான் இல்லை.

அட்டவணையைக் காதால்படிப்பவன் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். முதல் வாரம் தினமும் மூன்று தடவை போன் போட்டு 'சரியா வருதா, சரியா வருதா' என்று கேட்டேன். நாலாவது நாள் எடுக்கவில்லை. கண்மாய்க்கரை அண்ணன் பல்லைக் கடித்தேன் என்று எழுதியது அப்போதுதான் புரிந்தது.

அனுப்பானடியில் மாமியாரிடம் பேசினேன். அரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, "நானும் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், பத்தாவது புள்ளைங்களுக்கு எழுதலாமா?" என்றார். பார்க்கலாம் என்றிருக்கிறேன். போன ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பெண்கள் பாயில் உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். சொல்லிக் கொடுக்க வந்தது அந்தப் பி.ஏ. வரலாற்றுப் பெண். சங்க கால வணிகம் பற்றி ஒரு பக்கம் சொன்னாள். பத்து நிமிடத்தில் எல்லோரும் கையை உதற ஆரம்பித்தார்கள். எழுதியதை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது ஆள் வாசித்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, நான் யவனர்னு சொன்னேன். நீங்க எவனோன்னு எழுதியிருக்கீங்க. எவனோ கப்பல்ல வந்தான்னு எழுதுனா எனக்கு யாரு மார்க் போடுவா? அடிச்சிட்டு முதல்ல இருந்து எழுதுங்க."