ஆகஸ்ட் 15 அன்று ஊரே கருப்புக்கொடி கட்டப் போகிறது. என் மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

அப்பர்_மெஷின் (பேரணாம்பட்டு பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஆகஸ்ட் 15 அன்று வீட்டுக்கு வீடு கருப்புக்கொடி, பிள்ளைகள் பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போகக் கூடாது, கிராம சபைக்கும் யாரும் போகக் கூடாது என்று போன ஞாயிறு எங்கள் ஊரில் கூடி முடிவு எடுத்திருக்கிறார்கள்.

காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்தால் நுரை கட்டுகிறது. சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கிறது. பித்தளைச் சொம்பின் உள்பக்கம் வெள்ளையாகப் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. குடிக்கக் கேன் வாங்குகிறோம். மாடு என்ன செய்யும்? மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம். 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு, தண்ணீரைக் கெடுக்கிற தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) திருப்பத்தூர் மாவட்டத்தில், எங்கள் கிணறு வேலூர் மாவட்டத்தில். இங்கே கேட்டால் அங்கே போ என்கிறார்கள், அங்கே போனால் உங்கள் கலெக்டரைப் பாருங்கள் என்கிறார்கள்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறேன். காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். நான் தைக்கிற தோலும் இந்தப் பாலாற்றங்கரையில் எங்கேயோ ஊறியதுதான். அது உறுத்தாத நாள் இல்லை. அதற்காகத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

மகள் ஐந்தாம் வகுப்பு. வேலூர்க் கோட்டைப் புரட்சி பற்றி மேடையில் பேச டீச்சர் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டு வாரமாகச் சுவரைப் பார்த்து நின்று "1806 ஜூலை 10, விடியற்காலை" என்று சொல்லிப் பழகுகிறாள். அவளுடைய வெள்ளைச் சட்டை இந்தத் தண்ணீரில் துவைத்துத் துவைத்துக் காலரெல்லாம் பழுப்பாகிவிட்டது. அந்தச் சட்டையைப் பார்த்தால் ஊர் சொல்வது நியாயம் என்று தோன்றுகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை. சுதந்திர தினத்தைப் புறக்கணித்தால் அது போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேருமா? கேஸ் எதுவும் வருமா?

கோட்டைவாசல்

அக்கா, தேசிய நாளில் கருப்புக்கொடி கட்டுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா அதை ஏற்கவில்லை, மகிழ வேண்டிய நாள் என்று எழுதினார். அதே அண்ணாதான் 1965 ஜனவரி 26ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழி ஆகவிருந்தது, அதனால்தான். அதற்கு முதல் நாளே அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

எங்கள் தாத்தா வீடு கொசப்பேட்டையில். கருப்புத் துணி கிடைக்காமல் ஆயா பழைய குடையின் துணியைக் கிழித்துக் கொடுத்தாராம். கொடியின் ஓரத்தில் கம்பி குத்திய ஓட்டைகள் அப்படியே தெரிந்ததாம். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் மாறும்.

அந்தப் போராட்டத்தில் தீக்குளித்தவர்கள் உண்டு, துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் உண்டு. ஆங்கிலமும் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி பிப்ரவரியில் வானொலியில் உறுதி கொடுத்தார். 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தையே திருத்தினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஜனவரி 26க்கும் அந்தக் கோரிக்கைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. உங்கள் தண்ணீருக்கும் ஆகஸ்ட் 15க்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் வைத்திருங்கள்.

ஊராட்சி_ஓய்வு

அம்மா, முப்பது வருஷம் ஊராட்சிகளில் எழுத்து வேலை பார்த்தவன் சொல்கிறேன். தொடர்பு இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபை நாள்.

முதலில் கேஸ் விஷயம். தேசியக் கொடியையோ அரசியல் சட்டத்தையோ எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது போன்ற அவமதிப்பை 1971ஆம் வருஷச் சட்டம் தண்டிக்கிறது. விழாவுக்குப் போகாமல் இருப்பதை அது குற்றம் என்று சொல்லவில்லை. கருப்புத் துணியை உங்கள் வீட்டு வாசலில் கட்டுங்கள், பள்ளிக் கொடிமரத்துப் பக்கம் மட்டும் யாரும் போக வேண்டாம்.

கிராம சபையைப் புறக்கணிக்கிறீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை). நீங்கள் வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும், உங்கள் குறை எந்த நோட்டிலும் ஏறாது. 100 பேர் வந்து உட்கார்ந்து தீர்மானம் போட்டுக் கையெழுத்து வைத்தால் அது ஊராட்சிச் சட்டப்படியான ஆவணம். தோல் கழிவு பற்றி 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, வேலூர் மக்கள் நலச் சங்கம் ஒன்று 1991இல் போட்ட வழக்கில் வந்தது. கெடுத்தவனே இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பு அது. வழக்குக்குப் போகிறவன் கையில் காகிதம் வேண்டும் அம்மா. தீர்மானத்தில் அந்தத் தீர்ப்பின் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

தறிக்காரன்_குடியாத்தம்

ஐயா சொல்வது சரிதான். ஆனால் ஊர் கூடி எடுத்த முடிவை ஒரு வீடு மீறினால், "பாதி ஊர் வந்துவிட்டது, பிரச்சினை ஒன்றுமில்லை" என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். மாற்ற வேண்டுமானால் ஊர் முடிவையே மாற்றுங்கள் அக்கா. தனியாக மீறாதீர்கள்.

அப்பர்_மெஷின் (பேரணாம்பட்டு பக்கம்)

ஆகஸ்ட் 16. எல்லாருக்கும் நன்றி. தறிக்கார அண்ணன் சொன்னபடி, ஐயா எழுதியதை முதலில் மகளிர் குழுவில் படித்துக் காட்டினேன். அப்புறம் பதினெட்டுப் பேராகப் போய்ப் பெரியவர்களிடம் பேசினோம். "கொடி ஏத்திக்கினுதான் கீறோம், இன்னா ஆச்சு? சபைல குந்திகினா மட்டும் இன்னா ஆவப் போவுது?" என்று ஒருவர் கத்தினார். கோபம் எங்களுக்கும் அதேதான், கருப்புக்கொடி எல்லா வாசலிலும் இருக்கட்டும், சபையை மட்டும் விட வேண்டாம் என்றோம். இரவு பத்து மணிவரை பேச்சு. கடைசியில் பிள்ளைகளை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள்.

நேற்று வாசலில் கருப்புத் துணி. மகள் அதற்குக் கீழே குனிந்து, சட்டையில் மூவர்ணக் கொடி குத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஒரு வரிகூட மறக்காமல் பேசினாள்.

பதினோரு மணிக்குச் சபை. 143 கையெழுத்து. "குடிநீர் வசதி கோரி" என்று முதலில் எழுதினார்கள். நாங்கள் எழுந்து நின்றோம். அதை அடித்துவிட்டு "தோல் கழிவால் கெட்டுப்போன நிலத்தடி நீரைப் பரிசோதித்து, இழப்பீடு பெற்றுத் தர" என்று எழுத வைத்தோம். 1996 தீர்ப்பின் தேதியும் இருக்கிறது. தீர்மான நகல் வாங்க வருகிற வாரம் அரை நாள் லீவு போட்டுப் போகிறேன். ஐயா, நகலில் யார் யார் கையெழுத்தும் சீலும் இருக்க வேண்டும்?